நூற்றுப் பதினெட்டாம் படத்தின் வரிசை

சிவகாசியின் காலண்டர் அச்சகங்களுக்கு வருடம் ஆடிப் பதினெட்டில் தொடங்கும். அடுத்த ஆண்டுக்கான படங்களைச் சேர்த்துக் கட்டிய ஆல்பத்தைப் பூஜையில் வைத்து, நல்ல நேரத்தில் பிரித்து, முதல் ஆர்டரை எழுதுவார்கள். ஊர் ஊராகக் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகளுக்கும் அதே கணக்குதான். அன்றைய நல்ல நேரத்துக்குள் தன் பெயரில் ஒரு ஆர்டராவது விழுந்துவிட வேண்டும். மற்றவற்றை ஐப்பசி வரைக்கும் நிதானமாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

2007-இல் ஆடிப் பதினெட்டு ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். ஆகவே தமிழ்நாடு முழுவதிலுமிருந்து வரவேண்டிய முதல் ஆர்டர்கள் அத்தனையும் ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவே வந்து குவியும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். பொன்னுத்தங்கம் காலண்டர்ஸ் என்ற அச்சகத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே ஏழு மாதம் வேலை பார்த்திருந்தவர் எழில். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

சொந்த ஊர் எம். புதுப்பட்டி. அப்பா தங்கச்சாமி பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுபவர். அம்மா மாடத்தி அதே கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுபவர். மகள் விருதுநகருக்குப் பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியதும், இருவரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே? உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். 2003-இல் அச்சகத்தின் டிடிபி அறையில் மூன்றாவது நாற்காலி அவருக்குக் கிடைத்தது. காலண்டர் அட்டையின் அடியில் அச்சாகும் கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் ஆகியவற்றை டைப் செய்து தருவது வேலை. ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்ற வரியை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரம் தடவையாவது அடித்திருப்பேன் என்பார் எழில்.

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சம் கிடையாது. "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்பார். இரண்டு நாளில் தெரிந்துகொண்டு வந்து சொல்வார். அச்சகத்துக்கு இணையதளம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோதும் அதையே சொன்னார். முதலாளி சங்கரலிங்கம், தன் அம்மா பெயரில் அச்சகம் நடத்துபவர், ஊருக்கு அண்ணாச்சி, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். வாரக் கடைசியில் தளத்தின் முதல் பக்கம் அவருடைய மேஜையில் திறந்திருந்தது.

ஏஜெண்டுகள் தங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆர்டர் போடும் ஏற்பாட்டை எழில் எழுதியது 2006-இல், டிடிபி நாற்காலியை விட்டுச் சர்வர் அறைக்கு மாறி. படத்தின் நம்பர், எத்தனை, கடைப் பெயர். மூன்றையும் நிரப்பி ஒரு பட்டனை அழுத்தினால் போதும்; ஆர்டர் விழுந்ததும் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும். ஆனால் ஆர்டரை ஏற்பதற்கு முன் அந்தப் படத்தில் எத்தனை அட்டை மிச்சம் என்று தெரிய வேண்டும். அட்டைகள் சாத்தூர் ரோட்டுக் குடோனில் இருந்தன. இருப்புக் கணக்கு அங்கே இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் சிங்கப்பூர் போய்ப் பல வருடமாகிவிட்டது. யாரும் அதில் கை வைப்பதில்லை. ஒரு கேள்வி கேட்டால் பத்து விநாடி யோசித்துப் பதில் சொல்லும். சில சமயம் இருபது.

அந்த வருட ஆடிப் பதினெட்டில் தளம் காலை 9.20-க்கு நின்றுபோனது.

காரணம் கண்டுபிடிக்க எழிலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் சிரிப்புத்தான் வந்தது. சர்வரில் ஒரே சமயத்தில் இருபது பேரைக் கவனிக்க இருபது ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆளும் ஒரு ஏஜெண்டின் ஆர்டரை வாங்கிக்கொண்டு குடோனைக் கேட்டார். பதில் வரும்வரை அப்படியே நின்றார். இருபது பேரும் நின்றார்கள். இருபத்தொன்றாவது ஏஜெண்டுக்கு வெள்ளைப் பக்கம். வேலை மிகுந்து சர்வர் விழவில்லை. ஒருவரும் வேலை செய்யாமல், எல்லோரும் காத்திருந்ததால் விழுந்தது.

கவுண்டரில் ஆர்டர் எடுக்கும் காசிராஜனுக்கு அன்று ஒரே கொண்டாட்டம். பதினைந்து வருடமாகப் பேப்பரும் பேனாவுமாக ஆர்டர் எடுப்பவர். "ஏ எழிலு, உன் மெஷினுக்குள்ள இருவது பேரு சும்மா உக்காந்திருக்கானாம்ல. ஆளுக்கு ஒரு டீ சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, தானே நான்கு போனையும் எடுத்துப் பேசி அந்த வருட ஆர்டர்களைப் பிடித்தார்.

மறுநாள் அண்ணாச்சி எழிலைக் கூப்பிட்டார். அவருடைய மகன் ஹரிஷ்குமாரும் அறையில் இருந்தார். சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது மகனுடைய யோசனை.

"அடுத்த ஆடி வரைக்கும் நேரம் தாரேன்" என்றார் அண்ணாச்சி. "நல்ல நேரத்துக்குள்ள இது மறுபடி நின்னுச்சுன்னா ஹரிஷ் சொல்ற ஆளுககிட்டக் குடுத்துருவோம். நீ கவலப்படாத. டிடிபி ரூம்ல உன் சீட்டு அப்படியே இருக்கும். யாரையும் போட மாட்டேன்."

அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து டிடிபி அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த மூன்றாவது நாற்காலி எழிலின் கண்ணில் பட்டது. அவர் விட்டுப்போன சிவப்புப் பூப்போட்ட குஷன்கூட அதன்மேல் அப்படியே இருந்தது.

ஜனவரியில் வேலையைத் தொடங்கினார். இணையத்தில் தேடியதில், வலைத் தளங்களை வேறு விதமாக எழுதும் முறை ஒன்று அகப்பட்டது. அசிங்க்ரனஸ் என்று அதற்குப் பெயர். பைதான் மொழியில் ட்விஸ்டட் என்ற கருவி அதற்கு உதவும். படிக்க வேண்டிய பக்கங்களை வேஸ்ட் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பிரிண்ட் எடுத்துப் படித்தார். ஒரு பக்கம் நிறம் தள்ளி அச்சான லட்சுமி, மறுபக்கம் நிரல். ஊருக்குப் போகும் பஸ்ஸில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, பக்கத்து சீட்டு அம்மாள் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

முறை எளிமையானது. இருபது ஆள் வேண்டாம், ஒரே ஆள் போதும். ஆனால் அவர் எங்கும் நிற்கக் கூடாது. ஆர்டர் வந்ததா? குடோனுக்குக் கேள்வியை அனுப்பு. பதில் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி ஆணியில் மாட்டு. உடனே அடுத்த ஏஜெண்டைப் பார். பதில் எப்போது வருகிறதோ அப்போது அந்தச் சீட்டை எடுத்து மிச்ச வேலையை முடி.

சொல்வது எளிது. எழுதுவது அத்தனை எளிதாக இல்லை. இதுவரை எழிலின் நிரல் மேலிருந்து கீழாக, கதை சொல்வதுபோல ஓடியது. இப்போது பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வேறொரு இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. எந்தச் சீட்டு எப்போது எடுக்கப்படும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு மாதம் தடுமாறினார். மூன்றாம் மாதம் கை பழகிவிட்டது.

"என்னதான் பண்ணுத அதுல?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டார்.

"ஒரு வேலையக் குடுத்துட்டு, அது முடியங்காட்டியும் நிக்காம அடுத்த வேலையப் பாக்கச் சொல்லிக் குடுக்கேன்மா."

"யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

"இதுக்கா அஞ்சு மாசம்? நான் அடுப்புல சோறப் போட்டுட்டுத்தான் உங்கப்பனுக்கு வேட்டி தொவைக்கேன். எனக்கு எவளும் சொல்லிக் குடுக்கல" என்று மாடத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

எழில் ஒரு முடிவை யோசிக்காமலே எடுத்தது அந்த மாதங்களில்தான். ஆணியில் மாட்டும் சீட்டுக்கு ஒரு அடையாளம் வேண்டும். எதை வைப்பது? படத்தின் நம்பரை வைத்தார். அச்சகத்தில் யாரும் வேறு எதையும் வைத்து வேலையைச் சொல்வதில்லை. கவுண்டரில் காசிராஜன் ஆளைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்: "நூத்திநாப்பது யாருப்பா? வாங்க. எரநூத்தி மூணு, கொஞ்சம் பொறுங்க." குடோன் கம்ப்யூட்டரும் பதிலில் படத்தின் நம்பரையும் மிச்சத்தையும்தான் சொல்லும், யார் கேட்டது என்று சொல்லாது. ஆகவே நம்பருக்கு ஒரு ஆணி, ஆணிக்கு ஒரு சீட்டு.

ஜூலையில் சோதித்துப் பார்த்தார். ஒரே விநாடியில் இருநூறு ஆர்டர்கள் வந்து விழும்படி ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினார். 101 முதல் 300 வரை படத்துக்கு ஒன்று. சர்வர் அசையவில்லை. இருநூறும் முடிந்தன. காசிராஜனைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் காசிராஜன். "இருந்தாலும் அன்னைக்கு நாலு போனையும் தொடச்சு வைக்கேன்."

"வைங்கண்ணே. தூசி அடையாம இருக்கும்."

ஆடிப் பதினெட்டு. ஒன்பது மணிக்கு அண்ணாச்சி கற்பூரம் காட்டி ஆல்பத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில் படம் 118. மயில் முதுகில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு மாம்பழத்தைக் கடிக்கும் குழந்தை முருகன். கன்னமெல்லாம் சாறு. ஓவியரிடமிருந்து வந்த அன்றே அண்ணாச்சி அதை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்.

9.04-க்கு முதல் ஆர்டர். 9.15-க்குள் அறுபது. போன வருடம் தளம் நின்ற 9.20 வந்தது, போனது. எழில் திரையைப் பார்த்தபடி தண்ணீர் குடித்தார். 9.40-க்கு ஹரிஷ்குமார் வந்து பின்னால் நின்று பார்த்தார். "பரவால்லையே, நிக்கவே இல்லயே" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல நேரத்தில் ஏறக்குறைய பாதி கடந்திருந்தது. இன்னும் ஐம்பது நிமிடம்.

9.45-க்குக் காசிராஜனின் போன் அடித்தது. கோவில்பட்டி ஏஜெண்டு சீனிச்சாமி.

"ஏ காசி, ஒம்பது இருவதுலருந்து பக்கம் சுத்திக்கிட்டே கெடக்கு. பக்கத்து சீட்டுக்காரன் எனக்குப் பொறவு வந்தான், போட்டான், எஸ்எம்எஸ் வாங்கிட்டான், போய் டீயும் குடிச்சுட்டு வந்துட்டான்."

"பிரவுசிங் சென்டர்ல லைன் சரியில்லாம இருக்கும். வேற சீட்டுல மாறி உக்காருங்க" என்றார் காசிராஜன்.

ஐந்து நிமிடத்தில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு போன். பிறகு தேனி. அதே புகார். காசிராஜன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எழிலைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

எழில் கேட்டது ஒரே கேள்வி. "எந்தப் படம்னு கேளுங்கண்ணே."

"நூத்திப்பதினெட்டாம்."

"அதுக்கு முன்னாடி பேசினவுக?"

காசிராஜன் மறுபடி டயல் செய்து கேட்டார். நூற்றுப் பதினெட்டு. சீனிச்சாமி? நூற்றுப் பதினெட்டு.

எழில் கண்ணை மூடிக்கொண்டு ஆணியை நினைத்துப் பார்த்தார். 118 என்று எழுதிய ஒரே ஓர் ஆணி. சீனிச்சாமியின் சீட்டு அதில் தொங்குகிறது, குடோன் பதிலுக்காக. நான்கு விநாடி கழித்து இன்னொருவர் அதே படத்தைக் கேட்கிறார். அவருடைய சீட்டை மாட்டுவதற்காகச் சீனிச்சாமியின் சீட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிடுகிறது நிரல். முதல் பதில் வருகிறது. இரண்டாமவர் ஆர்டர் முடிகிறது. இரண்டாவது பதில் வருகிறது; ஆணி காலி. ஆணி காலியாக இருந்தால் பேசாமல் விட்டுவிடு என்று அவரே ஒரு வரி எழுதியிருந்தார். எந்தப் பிழையும் திரையில் தெரியாததற்கு அந்த வரிதான் காரணம். சோதனையில் படத்துக்கு ஒரு ஆர்டராகப் போட்டதால் ஓர் ஆணியில் இரண்டு சீட்டு ஒருநாளும் மோதவில்லை. அண்ணாச்சி முதல் பக்கத்தில் வைத்த குழந்தையைத் தமிழ்நாடே கேட்டபோதுதான் மோதியது.

மணி 9.57.

"நிறுத்தணும்" என்றார் எழில்.

"எதை?"

"தளத்த. பத்து நிமிஷம்."

காசிராஜன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கிறுக்கா உனக்கு? இன்னும் அர மணி நேரந்தான் கெடக்கு. ராகு காலம் பொறந்துட்டா ஒரு ஈ காக்கா ஆர்டர் போடாது. அப்ப நிறுத்தி, ஆற அமர சரி பண்ணு. நின்னதே அண்ணாச்சிக்குத் தெரியாது. உன் வேலையும் பொழைக்கும்."

"அதுவரைக்கும் நூத்திப்பதினெட்டு கேக்கறவுக?"

"லைன் சரியில்லைன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

எழில் ஒரு நிமிடம் திரையையே பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் திரையில் ஆறு ஆர்டர் வந்தது. அதில் நான்கு, 118.

அண்ணாச்சியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. எழில் உள்ளே போய் நேராகச் சொன்னார். "தளம் ஓடுது அண்ணாச்சி. ஆனா சரியா ஓடல. நூத்திப்பதினெட்டு கேட்டவுகள்ல பல பேருக்கு ஆர்டர் விழல. தப்பு என்னோடது. இப்ப நிறுத்துனா பத்து நிமிஷத்துல சரி பண்ணிருவேன்."

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "போன வருஷம் நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"இருந்தும் நிறுத்தப் போற."

"ஆமா அண்ணாச்சி."

"அப்பறம் இங்கன எதுக்கு நிக்க?"

அது சம்மதமா கோபமா என்று எழிலுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. 10.02-க்குத் தளத்தை நிறுத்தினார். அதன் இடத்தில் ஒரே ஒரு வரி போட்டார்: ‘10.12-க்குத் திறக்கும். அதற்குப் பிறகும் நல்ல நேரம் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.’

அடுத்த அறையில் நான்கு போன்களும் ஒன்றாக அலறின. காசிராஜனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "பத்து பன்னெண்டுக்கு வந்துரும்... ஆமா, எழுதித்தான போட்டிருக்கு... எங்கிட்டச் சொல்லாதீக, நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்..."

குடோன் கம்ப்யூட்டரை மாற்ற முடியாது. அது யார் கேட்டது என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அதனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது: ஒரு சமயத்தில் ஒரு கேள்விதான் பார்க்கும், கேட்ட வரிசையில்தான் பதில் சொல்லும். அது போதும். ஆணிக்கு ஒரு சீட்டு என்பதை ஆணிக்கு ஒரு வரிசை என்று மாற்றினால் முதல் பதில் முதல் சீட்டுக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு. ஆறு வரி மாற்றினார். பதில் வந்து ஆணி காலியாக இருந்தால் சிவப்பில் கத்து என்று ஏழாவது வரியையும் மாற்றினார்.

10.07. குடோனுக்குப் பதிலாக, விநாடிக்கு ஒரு பதில் சொல்லும் ஒரு சோதனை நிரலை வைத்து இருபது ஆர்டர் அனுப்பினார். இந்தத் தடவை இருபதும் 118, ஒன்று முதல் இருபது வரை கடைப் பெயர். இருபதும் முடிந்தன. ஆனால் முதலில் முடிந்தது இருபதாவது கடை, கடைசியில் ஒன்றாவது.

எழில் திரையை முறைத்தார். கடைகளில் பில் குத்தும் கம்பி போலாகிவிட்டிருந்தது வரிசை. கடைசியில் குத்தியது மேலே இருக்கும்; கை போனால் அதுதான் முதலில் வரும். இப்படியே விட்டால், அட்டை தீரப்போகும் நேரத்தில் கடைசியில் வந்தவருக்குக் கிடைத்து முதலில் வந்தவருக்கு இல்லை என்றாகும். அடியிலிருந்து எடுக்கும்படி ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தார். மறுபடி இருபது ஆர்டர். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்து நின்றன.

10.10-க்குத் தளத்தைத் திறந்தார். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால்.

எட்டு நிமிடம் அணைபோட்டு வைத்த கூட்டம் மொத்தமாக உள்ளே வந்தது. 118-இன் வரிசை ஒரு கட்டத்தில் முப்பத்தொரு சீட்டு நீளத்துக்குப் போய், மெல்லச் சுருங்கி, மறுபடி நீண்டது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. 10.30 ஆனதும் திரை சட்டென்று அமைதியானது. 10.34-க்கு நாகர்கோவிலிலிருந்து ஒரே ஒரு ஆர்டர் வந்தது. ராகு காலம் பார்க்காத யாரோ ஒருவர்.

இனி தொலைந்தவற்றைத் தேட வேண்டும். ஆர்டர் வந்ததும், வேறு எதையும் செய்வதற்கு முன், வந்த நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவிடும்படி எழில் நிரலில் வைத்திருந்தார். வந்த பட்டியலையும் முடிந்த பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நாற்பத்து மூன்று ஆர்டர் வந்திருந்தன, முடியவில்லை. குடோனுக்குப் போன் செய்து முனியராஜிடம் 118-ஐக் கையால் எண்ணச் சொன்னார். முனியராஜ் குடோன் பொறுப்பாளர். கட்டுகளை எண்ணிவிட்டு வந்து, "அம்புட்டுக்கும் குடுத்துரலாம், மேக்கொண்டு நாலு கட்டு மிஞ்சும்" என்றார்.

பட்டியலை எழில் காசிராஜனிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை.

"ராகு காலத்துல போனப் போட்டு, உங்க ஆர்டர் விழலன்னு நான் சொல்லணுமாக்கும்? வாயில போட்டுருவாக."

"விழலன்னு சொல்லாதீக. வந்த நேரத்தச் சொல்லுங்க. பேருக்கு நேரா இருக்கு பாருங்க."

காசிராஜன் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முதல் பெயரே சீனிச்சாமி. அரை மனதாக டயல் செய்தார்.

"அண்ணே, காசி பேசுதேன். உங்க ஆர்டர் ஒம்பது இருவத்திரெண்டுக்கே இங்கன வந்துருச்சு. எடுத்து வைக்கத்தான் எங்களுக்கு லேட்டாயிருச்சு."

"ஒம்பது இருவத்திரெண்டா? நெசமாவா?"

"பேப்பரக் கைல வச்சுக்கிட்டுத்தான் பேசுதேன். விநாடிகூடப் போட்டிருக்கு, சொல்லவா?"

"நல்ல நேரந்தான் அப்ப."

"நல்ல நேரந்தான்."

"அது போதும்ப்பா. நானும் விடிஞ்சும் விடியாம இப்படி ஆயிருச்சேன்னு சாப்பிடாமக் கெடக்கேன்."

ரிசீவரை வைத்துவிட்டுக் காசிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிச்ச நாற்பத்திரண்டு பேருக்கும் அவரே பேசினார். ஒவ்வொருவருக்கும் விநாடி வரைக்கும் நேரத்தைச் சொன்னார். நாலைந்து போனுக்குப் பிறகு அதில் அவருக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது.

அண்ணாச்சி கூப்பிடவில்லை. ராகு காலத்தில் அவர் நல்லதும் பேச மாட்டார், கெட்டதும் பேச மாட்டார். எழில் அந்த நேரத்தில் முடிந்த ஆர்டர்களை டிடிபி அறைக்குப் பிரித்து அனுப்பினார், படம் வாரியாக அட்டை எண்ணிக்கையைக் குடோனுக்கு எழுதினார், கொண்டுவந்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டார். டிடிபி அறைக்குப் போனபோது மூன்றாவது நாற்காலியின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குஷனில் தூசி படிந்திருந்தது.

12.05-க்கு அழைப்பு வந்தது. ஹரிஷ்குமாரும் உள்ளே இருந்தார்.

"எம்புட்டு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எட்டு நிமிஷம்."

"ராகு காலத்துல நிறுத்திக்கோன்னு காசி சொன்னானாமே."

எழில் திரும்பிப் பார்த்தார். வாசலில் காசிராஜன் பட்டியலோடு நின்றுகொண்டு மேலே சுற்றும் மின்விசிறியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாக அண்ணாச்சி."

"கேட்டிருந்தா எத்தன போயிருக்கும்?"

"வந்த வேகத்தப் பாத்தா இன்னும் எம்பது, தொண்ணூறு."

"அதுவும் கெடச்சிருக்குமே, உன் பேப்பர்ல இருந்து எடுத்து? இந்த நாப்பத்தி மூணு கெடச்ச மாதிரி."

"ஆர்டர் கெடச்சிருக்கும். ஆனா தொண்ணூறு பேரு ராகு காலம் பொறக்குற வரைக்கும் சுத்துற பக்கத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. அதுல எத்தன பேரு அடுத்த அச்சகத்துக்குப் போன் போட்டிருப்பாகன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

ஹரிஷ்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி அவரைப் பார்க்காமலே பேசினார். "கலர் தள்ளி விழுதுன்னு தெரிஞ்சும், இந்த லோடு முடியட்டும்னு மெஷின ஓடவிட்ட ஆளுக இங்கன இருந்திருக்காக. நாம கேட்டா, மெஷினு நிக்கவே இல்லயே மொதலாளிம்பான்." மேஜைமேல் விரித்திருந்த ஆல்பத்தை மூடினார். "சரி. டிடிபி ரூம்ல ஒரு சீட்டு ஒரு வருஷமா சும்மா கெடக்கு. சீசன் வருது, ஆளு பத்தாது. உங்க ஊருல டைப் அடிக்கத் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருந்தா திங்கக்கெழம வரச்சொல்லு."

தன் பழைய நாற்காலிக்குத்தான் ஆள் கேட்கிறார் என்று எழிலுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு, "இருக்கா அண்ணாச்சி. செல்வலட்சுமின்னு. பன்னெண்டாவது முடிச்சுட்டு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கா" என்றார்.

வெளியே வந்தபோது காசிராஜன் கூடவே நடந்தார். "நானா ஒண்ணும் போய்ச் சொல்லல. அண்ணாச்சிதான் கேட்டாக" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே."

"இல்ல, சொன்னேன்."

எழில் நேராக டிடிபி அறைக்குப் போனார். மூன்றாவது நாற்காலியிலிருந்து குஷனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு தட்டு தட்டினார். தூசி பறந்தது. அதைக் கொண்டுபோய்ச் சர்வர் அறையின் மர ஸ்டூலில் போட்டு உட்கார்ந்தார். 12.20. ராகு காலம் முடிவதற்காகக் காத்திருந்த ஏஜெண்டுகள் திரையில் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் வந்தவர் கேட்டதும் 118-தான்.